மருதாணியில் நான் கலந்தது

எங்கள் வீட்டுக் கிணற்றடி மாடத்தில் ஓர் இரும்புச் சட்டி இருக்கும். சமையலுக்கு அதை எடுக்கமாட்டார்கள். அது அக்காவின் தலைக்கென்றே இருந்த சட்டி. வியாழக்கிழமை சாயங்காலம் மருதாணி இலையையும் கரிசலாங்கண்ணியையும் அம்மியில் வைத்து மை போல அரைப்பாள். நெல்லிமுள்ளி ஊறிய தண்ணீரை விட்டுக் குழைத்து, அந்தச் சட்டியில் வழித்து வைத்து மூடிவிடுவாள். காலையில் திறந்தால் பச்சையாக இருந்த விழுது கறுத்துக் கிடக்கும். இரும்பு பட்டால்தான் இலை தன் குணத்தைக் காட்டும் என்பது அவள் கட்சி. எனக்கு அந்த வாசனையே ஆகாது. மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கிணற்றடிக்குப் போவேன்.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். பத்தொன்பது வயதிலேயே அவளுக்கு இளநரை கண்டுவிட்டது. முன் நெற்றியில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை. முகம் லட்சணமான முகம். ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் முகத்தையா பார்க்கிறார்கள்? ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீதியில் அவளைத் தெரியாத பெண்கள் இல்லை. யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் குளிப்பாட்டப் பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் இவள் கலந்து கொடுத்ததுதான். சீயக்காயில் என்ன சேர்க்கலாம், பொடுகுக்கு எதை அரைக்கலாம் என்று கேட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமைதோறும் யாராவது வந்து நிற்பார்கள். கைராசிக்காரி என்று பெயர். வாசனை சோப்பும் பவுடரும் கடைகளில் வந்து குவிந்துகொண்டிருந்த காலம் அது. இவள் ஒன்றையும் தொடமாட்டாள். "அதுல என்னத்தைப் போடறான்னு யாருக்குத் தெரியும்? இலைன்னா கண்ணால பாத்துப் பறிக்கறோம்" என்பாள்.

அப்பா காலமாகிவிட்டதால் வீட்டில் சம்பாதிக்கிறவன் நான் ஒருவன்தான். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் குமாஸ்தா வேலை. அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு இருபத்து மூன்று வயது. எனக்கும் ஓர் இடத்தில் ஜாதகம் பொருந்தி, பெண்ணையும் பார்த்து, பிடித்தும் போயிருந்தது. ஆனால் அக்காவை வைத்துக்கொண்டு தம்பிக்குக் கல்யாணம் பண்ணுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. பெண் வீட்டார் ஒரு வருஷம் பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். ஆகவே அக்காவுக்கு வரன் அமைய வேண்டும் என்று நான் தவித்த தவிப்பில் பாதி எனக்காகத்தான். இந்த வயதில் இதைக்கூட ஒளித்து எழுதினால் அப்புறம் எழுதுவானேன்?

ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரர் மீசைக்குச் சாயம் போடுகிறவர். பெரிய கடைவீதியில் ஒரு கடையைக் காட்டிக் கொடுத்தார். சின்னக் குப்பியில் கறுப்புப் பொடி. தண்ணீரில் குழைத்துத் தடவினால் அரை மணியில் முடி கருகருவென்று ஆகிவிடும் என்றார். ஒரு குப்பியை வாங்கிவந்து அக்காவிடம் காட்டினேன். கையில்கூட வாங்கவில்லை. "வேண்டாண்டா. நரைச்சிருக்குன்னு தெரிஞ்சே ஒருத்தன் பண்ணிக்கட்டும். சாயத்தைப் பூசிண்டு எத்தனை நாள் ஏமாத்தறது?" என்றாள். அப்படியென்றால் மருதாணி மட்டும் எதற்கு என்று கேட்டேன். "அது தலைக்குக் குளுமை. கறுத்தா லாபம், கறுக்காட்டா போறது" என்று சிரித்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் விடியற்காலையில் அம்மாவும் அக்காவும் கோயிலுக்கு விசுவரூபம் சேவிக்கப் போவார்கள். வீட்டில் நான் மட்டும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, சட்டியைத் திறந்து விழுதில் கால் கரண்டிப் பொடியைக் கலந்துவிட்டேன். கறுத்த விழுது, கறுப்புப் பொடி. யாருக்குத் தெரியப்போகிறது? குப்பியோடு வந்த சீட்டில், முதலில் காதுக்குப் பின்னால் தடவி இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கவும் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. படித்தேன். நாள் முழுக்க இங்கிலீஷ் காகிதம் படித்துச் சம்பளம் வாங்குகிறவன்தானே நான். படித்துவிட்டுச் சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

அன்றைக்கு நரை முக்கால்வாசி மறைந்தது. அக்காவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கண்ணாடியை விட்டு நகரவில்லை. "பாத்தியா, பொறுமையா இருந்தா இலை கேக்கும். ஏழு வருஷமா அரைக்கறேனே, வீணாப் போகுமா?" என்று என்னிடமே சொன்னாள். நானும் சிரித்தேன். அம்மா பெருமாளுக்கு நெய்விளக்கு ஏற்றினாள். ஒன்றும் ஆகவில்லை என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்துத் தஞ்சாவூரிலிருந்து ஒரு வரன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகக் கடிதம். அதற்குள் நரை மறுபடி எட்டிப் பார்த்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை அவர்கள் கோயிலுக்குப் போனதும் மிச்சப் பொடி முழுவதையும் சட்டியில் கொட்டினேன்.

சாயங்காலமே தலை அரிக்கிறது என்றாள். சனிக்கிழமை விடிந்தபோது அவள் முகம் அவள் முகமாக இல்லை. நெற்றியும் காதும் கொப்பளித்து நீர் வடிந்தது. இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டன. டவுனில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். "தலைக்கு என்னம்மா போட்டீங்க?" என்று கேட்டார். "மருதாணியும் கரிசலாங்கண்ணியும்தான், வேற ஒண்ணும் இல்லே" என்றாள் அக்கா. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "கண்ட தழையை எல்லாம் அரைச்சுப் பூசினா இப்படித்தான். இனிமே தொடாதீங்க" என்று சொல்லி மருந்து எழுதிக் கொடுத்தார். பொடியைக் கலந்தது அவசரக்காரனின் புத்தி என்றாவது ஒதுக்கிவிடலாம். அந்த அறையில் வாய் திறக்காமல் நின்றேனே, அதற்கு என்ன பெயர் வைப்பது?

தஞ்சாவூருக்குத் தந்தி அடித்தேன். போய்ச் சேருவதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து இறங்கிய பிள்ளையின் அம்மாவிடம், பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா கையைப் பிசைந்துகொண்டு சொன்னாள். "இவ்வளவு தூரம் வந்துட்டோம், ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போறோமே" என்று அந்த அம்மாள் உள்ளே போய்விட்டாள். போன வேகத்திலேயே திரும்பினாள். தட்டில் வைத்த சொஜ்ஜியும் பஜ்ஜியும் அப்படியே இருந்தன. பெண்ணுக்கு ஏதோ சரும வியாதி என்று பேச்சுக் கிளம்பியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதற்குப் பிறகு அக்காவின் ஜாதகத்தை யாரும் கேட்டு வரவில்லை.

புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. முன் நெற்றியில் போன முடி போனதுதான். ஆறியதும் அவள் செய்த முதல் காரியம், கொல்லையில் இருந்த மருதாணிச் செடியை ஆள் வைத்து வேரோடு பிடுங்கச் சொன்னது. வெள்ளிக்கிழமை யோசனை கேட்டு வந்த பெண்களை வாசலோடு திருப்பி அனுப்பினாள். என்னைக் கடைக்கு அனுப்பி வாசனை சோப்பு வாங்கிவரச் சொன்னாள். "கடைச் சாமானே தேவலைடா. அவனாவது படிச்சவன், அளந்து போடறான்" என்றாள். எந்தக் கடைச் சாமான் அவளைக் கெடுத்தது என்று தெரிந்த ஒரே ஆள் நான். பையை எடுத்துக்கொண்டு போய் வாங்கிவந்தேன். பிறகு மாதாமாதம் வாங்கினேன்.

இரண்டு வருஷம் கழித்து அக்காவே அம்மாவிடம், "எனக்காக அவனை நிறுத்தி வெக்காதேம்மா, அவனுக்குப் பண்ணிடு" என்று சொல்லி என் கல்யாணத்தை நடத்தினாள். நான் முதலில் பார்த்த பெண்தான். காத்திருந்தாள். அக்கா ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்து, ரிடையர் ஆன பிறகும் என்னோடுதான் இருந்தாள். சொல்லிவிடலாம் என்று பலமுறை அவளருகே போய் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் காப்பி குடித்துவிட்டு எழுந்து வந்திருக்கிறேன்.

அவள் அறுபதைத் தாண்டிய பிறகு ஒருநாள், என் மனைவி தன் தலைக்குப் போட்டுக்கொள்ள மருதாணிப் பொடிப் பொட்டலம் ஒன்று வாங்கிவந்தாள். இப்போது எல்லாரும் இலை, தழை, இயற்கை என்று பழையபடி திரும்பிவிட்டார்களே. அக்கா அதைப் பார்த்ததும் பதறிப்போய்ப் பொட்டலத்தைப் பிடுங்கினாள். "இது வேண்டாண்டி. என் தலையைப் பாரு" என்றாள். என் மனைவி பயந்து உள்ளே போய்விட்டாள். அன்றைக்குத்தான் எனக்கு வாய் திறந்தது. குப்பி, சீட்டு, கால் கரண்டி, மிச்சப் பொடி, டாக்டர் கேட்ட கேள்வி எல்லாவற்றையும் சொன்னேன். அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் சொன்னேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பிடுங்கிய பொட்டலத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்போ என் கையிலே தோஷம் இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்லேக்கா."

"உன் குழந்தைகள் மூணு பேர் இருக்கா. ஒண்ணோட தலையிலயும் நான் ஒருநாள் எண்ணெய் வெச்சதில்லேடா. பயந்துண்டு தொடாமலே இருந்துட்டேன்" என்றாள்.