சொக்கியின் காலும் இவருடைய குளிசையும்

எங்கள் குட்டி நாய் சொக்கி காலையிலிருந்து பின்னங்காலை ஊன்றவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பையில் வைத்துக்கொண்டு வவுனியா பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கொண்டக்டர் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, கோழியோ?"

"இல்லைத் தம்பி, என்ர மகள். மூட்டு நோ."

மிருக வைத்தியர் காலை மடக்கிப் பார்த்து மருந்து தந்தார். "மனுசற்ர நோக் குளிசை மட்டும் குடுத்திடாதேங்கோ. உயிருக்கே ஆபத்து."

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காலையில் இவர் தன் முழங்கால் குளிசையோடு சொக்கிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவர். உடனே போன் எடுத்தேன்.

"இஞ்சாருங்கோ, சொக்கிக்கு உங்கட குளிசை குடுத்தனீங்களோ?"

"ஓம், ரொட்டிக்குள்ள வைச்சுக் குடுத்தனான். ரொட்டியைத் திண்டிட்டுக் குளிசையைத் துப்பிப்போட்டுது."

"இப்ப அது எங்க?"

"வீணாப் போகுமெண்டு நானே கழுவி விழுங்கிட்டன்."

சொக்கி இப்போது நல்ல நித்திரை. இவர் இரவைக்குக் குரைக்கத் தொடங்கினால் எந்த டொக்டரிடம் கொண்டுபோவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.