ருசி பார்த்த சொட்டு

தொழிற்சாலை உணவகத்தில் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஊருக்கே சமைக்கிற அளவுக்கு அண்டா ஏற்றி இறக்குபவர், ருசி பார்க்காமல் ஒரு பாத்திரத்தைக்கூட அடுப்பிலிருந்து இறக்கியதில்லை. கரண்டியிலிருந்து ரெண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்குவார். கண்ணை மூடி யோசிப்பார். "சரியா இருக்கு, இறக்கு" என்பார். ஒரு நாளில் இப்படி அவர் வயிற்றுக்குள் போனதைக் கூட்டினால் ஓர் ஆள் சாப்பாடு தேறும். ஆனாலும் மதியம் கேட்டால், "காலையிலேர்ந்து பச்சைத்தண்ணிகூட பல்லுல படல" என்பார். ருசி பார்ப்பது சாப்பாட்டுக் கணக்கில் வராது. அது அந்தத் தொழிலின் சட்டம்.

அந்தச் சட்டம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மகளுக்கு வாங்கிய காய்ச்சல் மருந்து முதலில் அவர் நாக்கில் படும். புதுச் செருப்புக்குள் முதலில் அவர் விரல் நுழைந்து ஆணி தட்டுகிறதா என்று தடவும்.

"விட்டா அவ பரீட்சையையும் நீங்களே ஒரு தடவை எழுதிப் பார்ப்பீங்க" என்பார் மனைவி.

மகளுக்கு ஏழு வயதில் இடது கண் மூக்குப் பக்கம் திரும்ப ஆரம்பித்தது. கண்ணாடி போட்டால் நேராகலாம், தள்ளிப்போட்டால் அந்தக் கண் பார்ப்பதையே மறந்துவிடும் என்றார் கண் டாக்டர். சரியான பவரை அளக்க வேண்டுமானால் கண்பாவை விரிய வேண்டும். அதற்கான சொட்டு மருந்தை மூன்று நாள் வீட்டிலேயே போட்டுவிட்டு அழைத்துவரச் சொன்னார்.

மருந்தைக் கொடுத்த நர்ஸ் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் சொன்னார்: "வெளிச்சம் கூசும். கிட்ட இருக்கிற எழுத்து மங்கும், படிக்கலைன்னு திட்டாதீங்க. வாய் காயும். சில பிள்ளைங்களுக்கு முகம் சிவந்து உடம்பு கொதிக்கும், நெஞ்சு படபடக்கும். அபூர்வமா ஒண்ணு ரெண்டு சம்பந்தமில்லாம பேசும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். அப்படி ஏதாவது வந்தா நிறுத்திட்டு உடனே கூட்டிட்டு வாங்க. போட்டதும் மூக்கோரமா கண் முனையை அழுத்திப் பிடிங்க, மருந்து உள்ள அதிகம் இறங்காது. அடுத்தவங்க."

கடைசி வார்த்தை வரிசையில் நின்றவர்களுக்கு.

வீடு வரும்வரை மாஸ்டருக்கு அதே யோசனை. போடாவிட்டால் கண் போகும். போட்டால் உடம்பு கொதிக்கும். இரண்டில் எதையும் ருசி பார்க்காமல் இறக்க அவருக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலை குளியலறைக் கண்ணாடி முன் நின்று, தன் வலது கண்ணில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டார். சுரீரென்றது. சற்று நேரம் நின்றார். உடம்பு கொதிக்கவில்லை. இல்லாதது எதுவும் தெரியவில்லை. சாயங்காலம் வந்து மகளுக்குப் போடலாம் என்று வேலைக்குக் கிளம்பினார்.

முந்தின நாள்தான் அவர் உணவகச் சமையலறையில் அலமாரிக் கதவில் தலையை இடித்துக்கொண்டார். அது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"என்ன மாஸ்டர், ஒரு கண்ணு மட்டும் என்னை முறைக்குது?" என்றார் மேற்பார்வையாளர்.

"வெங்காயம் சார்."

"வெங்காயம் ஒரு கண்ணுக்கு மட்டும் ஓரவஞ்சனை பண்ணுமா?"

அவர் கூப்பிட்டு வந்த கம்பெனி நர்ஸ் டார்ச் அடித்துப் பார்த்தார். இடது பாவை சுருங்கியது. வலது பாவை அசையவில்லை. அவர் டார்ச்சை அணைத்துவிட்டு, என்றைக்கும் இல்லாத மென்மையுடன், "உக்காருங்கண்ணே" என்றார். அந்த மென்மையைக் கேட்டதும்தான் மாஸ்டருக்கு நெஞ்சு படபடத்தது. அது மருந்தால் வந்ததல்ல.

தலையில் அடிபட்டவருக்கு ஒரு பாவை மட்டும் விரிந்து நின்றால் உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகப்படுவார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. அன்றைய சூப் ருசி பார்க்கப்படாமலே இறங்கியது.

"கண்ணுல ஏதாவது மருந்து போட்டீங்களா?" என்று கேட்டார் மருத்துவமனையில் இருந்த இளம் டாக்டர்.

"இல்லீங்க."

அவர் பொய் சொல்லவில்லை. மருந்து போட்டுக்கொள்வது நோயாளி செய்கிற காரியம். இவர் ருசி மட்டும்தான் பார்த்திருந்தார்.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே ஒரு குறையும் இல்லை. டாக்டர் படத்தைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டார். அதற்குள் மனைவி அழுதுகொண்டே மகளுடன் வந்து சேர்ந்தார். மகள் அழவில்லை.

"அப்பா காலையில என் மருந்தை அவங்க கண்ணுல ஊத்திக்கிட்டாங்க. நான் கதவு சந்துல பார்த்தேன்" என்றாள்.

மனைவி அழுகையை நிறுத்திவிட்டு மாஸ்டரைப் பார்த்தார். ரத்தக் கசிவே பரவாயில்லை என்று மாஸ்டருக்குத் தோன்றியது.

"நான் கேட்டேனே, ஏன் சொல்லல?" என்றார் டாக்டர்.

"போட்டீங்களான்னு கேட்டீங்க. நான் போடல சார். எப்படி இருக்குன்னு பார்த்தேன்."

"சரி. எப்படி இருந்துச்சு?"

"சுரீர்னுச்சு. வேற ஒண்ணும் பண்ணல. அப்ப பாப்பாவுக்கும் ஒண்ணும் பண்ணாதுதானே?"

"உங்களுக்கு ஒண்ணும் பண்ணலங்கிறது அவளைப் பத்தி எதையும் சொல்லாது. அவ உடம்பு சின்னது. அதே சொட்டு அவளுக்குப் பெருசு."

"ஒரே கைப்பிடி உப்பு. அண்டா வேற, சட்டி வேற" என்றார் மாஸ்டர். அதன் பிறகு வீடு வரும்வரை மனைவிதான் பேசினார்.

அன்று சாயங்காலம் மாஸ்டரே மகளுக்குச் சொட்டு விட்டார். கண் முனையை அழுத்திப் பிடித்தார்.

"அப்பா, மூக்கு நசுங்குது."

"நசுங்கினா நிமித்திக்கலாம்."

லீவு போட்டுவிட்டு, அடுப்பில் பாலை வைத்தவர்போல் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் மதியம் அவள் முகம் சிவந்தது. நாக்கு ஒட்டுகிறது என்று தண்ணீர் கேட்டாள். நெற்றி கொதித்தது.

"அப்பா, சுவத்துல எறும்பு போகுது. நிறைய."

மாஸ்டர் எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்தார். அவருடைய வலது கண்ணுக்குக் கிட்ட இருப்பது இன்னும் மங்கல். அதைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் மூலைவரை பார்த்தார். ஓர் எறும்புகூட இல்லை.

அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அன்றே மருந்தை நிறுத்தினார்கள். உடம்பைக் குளிரவைத்து, இரவெல்லாம் படுக்கையில் வைத்துக் கவனித்தார்கள். விடிந்ததும் அவள் பசிக்கிறது என்றாள். பாவை அதற்குள் விரிந்தது போதும் என்று அளவெடுத்தார்கள். கண்ணாடி வந்தது. கண் மெல்ல நேரானது. கண் கூச்சம் தெளியும்வரை அப்பாவும் மகளும் தொப்பி போட்டுக்கொண்டுதான் தெருவில் போனார்கள்.

பதினாலு வயதில் மறுபடி அளக்க வேண்டி வந்தபோது, பழைய கதையைக் கேட்டுவிட்டு டாக்டர் சீக்கிரம் தெளியும் வேறு மருந்தை அங்கேயே போட்டார். எழுத்து மங்கியது, வெயில் கூசியது, மறுநாள் சரியாகிவிட்டது. மாஸ்டர் பாட்டிலைத் தொடவில்லை. மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் படித்து, ஆய்வகத்தில் பொருள்களின் தரம் சோதிக்கிற வேலைக்குப் போனாள். ஒரே ஒரு மாதிரியை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். அவளுக்கு அதை யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

மாஸ்டரின் கடைசி வாரத்தில் ஆகாரம் குழாய் வழியாகப் போனது. ருசி பார்க்க ஒன்றும் இல்லை. பேச்சும் நின்றிருந்தது. இமைகள் முழுதாக மூடாததால் கண் காய்ந்துபோகாமல் இருக்க ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருந்தார்கள். மகள் பாட்டிலைத் திறந்தாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவள் முதல் சொட்டைத் தன் கண்ணில் விட்டுக்கொண்டாள். எரியவில்லை. அது எதையும் நிரூபிக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"சரியா இருக்குப்பா" என்றாள்.

பிறகு அவர் கண்ணில் விட்டு, மூக்கோரமாகக் கண் முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்த மருந்துக்கு அது தேவையே இல்லை.