மஸ்தூரா அவிழ்த்த கச்சை

ஷெராபாத் பக்கத்து ஊர் அது. அங்கே மஸ்தூராவின் ரொட்டியைத் தின்னாதவர்கள் இல்லை. அவள் குரலைக் கேட்டவர்கள்தான் குறைவு. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு அம்மாவின் ரொட்டி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தவள், கல்யாணமாகி வந்த பிறகும் அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொட்டி வாங்க வருகிறவர்களின் முகத்தை வைத்தே அவர்கள் வீட்டுச் சங்கதி அவளுக்குத் தெரிந்துவிடும். யாரிடமும் சொல்ல மாட்டாள்.

அன்று காலை அவள் பார்த்தது மகன் எல்தோரின் கையை. பையன் கிண்ணத்துக்கு வெளியே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான். விரிப்பு நனைவதுகூட அவனுக்குத் தெரியவில்லை. முந்தின நாள் மல்யுத்தப் பயிற்சியில் அவன் பின்மண்டை அடிபட விழுந்ததாகப் பக்கத்து வீட்டுப் பெண் சொல்லியிருந்தாள்.

"தலை வலிக்குதாடா?"

"இல்லம்மா."

"அப்புறம் ஏன் கண்ணச் சுருக்குற?"

"வெயிலுக்குச் சுருக்காம பனிக்கா சுருக்குவாங்க?"

பதில் வெடுக்கென்று வந்ததில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி. அந்த நிம்மதியில்தான் பச்சை மேலங்கிமேல் இடுப்பில் சிவப்புக் கச்சையை முறுக்கிக் கட்டி மல்யுத்தத்துக்கு அனுப்பினாள்.

கல்யாண வீட்டு மல்யுத்தம் கால்வாய்க்கு அப்பால் வெட்டவெளியில் நடந்தது. பெண்கள் பக்கத்து வீட்டு மண்கூரையில் ஏறி உட்கார்ந்தார்கள். முதலில் சிறுவர்கள் இறங்குவார்கள். ஜெயிப்பவனுக்கு ஒரு கிடா. வட்டத்துக்குள் போகுமுன் பையன் உள்ளங்கைகளை விரித்து அப்பா முன்னால் நிற்க வேண்டும். அவர் ஆமீன் சொல்லி ஆசி கொடுத்துத் தன் முகத்தைத் தடவினால்தான் ஜோடி சேர்ப்பார்கள்.

எல்தோரின் அப்பா ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தார். அவர் தம்பி கோச்கார் போனைத் தூக்கிப் பிடித்தான். "அண்ணே, ஒம் மகன் எறங்கப் போறான். ஆமீன் சொல்லு!"

"ஆமீன்! என் சிங்கமே, முதுகுல மண்ணு படாம வா!" என்று போன் கத்தியது. கூட்டம் சிரித்தது. பையன் முகத்தை அவர் பார்த்து வருஷக்கணக்காகிறது.

எல்தோர் நடந்தான். எதிராளியை விட்டுவிட்டு மேளக்காரர் பக்கம் போனான். யாரோ தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள்.

"பயந்துட்டான் போல," என்றாள் பக்கத்திலிருந்தவள்.

மஸ்தூரா அவன் நடையையே பார்த்தாள். தடுத்த பிறகு அவனுக்கு ஒன்றுமில்லை என்று ஆனால்? புருஷன் பேர் கெடும், பையன் தலைநிமிர மாட்டான். ஏதாவது இருந்தால்? அந்தத் தலை இன்னொரு முறை தரையில் மோதினால்?

ஏணியில் இறங்கியது அவளுக்கே நினைவில்லை. ஆண்களை விலக்கிக்கொண்டு வட்டத்துக்குள் நுழைந்தாள்.

"அம்மா, கிடா இன்னும் யாருக்கும் குடுக்கல. அவசரப்படாதீங்க!" என்றது ஒலிபெருக்கி. சிரிப்பு அலையலையாக எழுந்தது.

அவள் எல்தோரின் இடுப்புக் கச்சையின் முடிச்சைப் பிடித்தாள். கச்சை இல்லாவிட்டால் பிடி இல்லை, பிடி இல்லாவிட்டால் ஆட்டமும் இல்லை.

"விடும்மா! எல்லாரும் பாக்குறாங்க!"

"அண்ணி, என்ன பண்றீங்க? அண்ணன் ஆமீன் சொல்லியாச்சு!" என்று கோச்கார் ஓடி வந்தான்.

"அவரு புள்ளயப் பாக்கல. நான் பாத்தேன்." அவள் முடிச்சை விடவில்லை. "தலையில அடிபட்டிருக்கு. டாக்டர் பாக்காம இவன் எறங்க மாட்டான்."

"தொட்டில்ல போட்டுக் கட்டி வச்சுக்கக்கா!" என்றான் ஒருவன்.

முடிச்சு அவிழ்ந்தது. "தம்பி, கார எடு," என்றாள்.

கோச்கார் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான். "நாளைக்கி டீக்கடைப் பக்கம் நான் எப்படித் தலகாட்டுறது? அண்ணனுக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க."

எல்தோர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பருத்திக்காடு தாண்டிய பிறகுதான் வாய் திறந்தான்.

"கிடாய யாரு ஜெயிச்சா?"

"இன்னும் ஆட்டம் முடியலடா."

அவன் தலையாட்டினான். பாலம் வந்தது.

"அம்மா, கிடாய யாரு ஜெயிச்சா?"

கோச்காரின் முணுமுணுப்பு நின்றது. கண்ணாடியில் அவன் கண் மஸ்தூராவின் கண்ணைச் சந்தித்தது. அவள் கச்சையை மடித்துப் பையன் கழுத்துக்குப் பின்னால் அண்டைகொடுத்தாள்.

"கொஞ்சம் வேகமாப் போ, தம்பி. குலுங்காம."