சல்லடை அக்கா கழுவிய காற்றுப்பெட்டி

பட்டறைக்கு வந்த முதல் வாரத்திலேயே அவளுக்குச் ‘சல்லடை’ என்று பெயர் விழுந்துவிட்டது. அவள் கண்ணுக்கு ஒரு தூசு தப்பாது. அதற்கு முன் பதினோரு வருடம் ஓர் ஆஸ்பத்திரியில், அறுவைசிகிச்சைக் கருவிகளைக் கழுவும் அறையில் வேலை பார்த்தாள். அந்த வேலைக்கு மிஷின் வந்ததும் இவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாளே கணவரின் கார் பட்டறையில் வந்து நின்றாள்.

“இங்க உனக்கு என்ன வேலை இருக்கு?” என்றார் அவர்.

அவள் சுவரோரம் கிடந்த மேஜையைத் தேய்க்க ஆரம்பித்தாள். அது பச்சை மேஜை என்பது அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுமுதல் அது அவளுடைய மேஜை.

கணவரின் தங்கை மலைப்பாதைப் பந்தயத்தில் கார் ஓட்டுகிறவள். வாய்த்துடுக்கு. “அண்ணி ஒரு போல்ட்டைக் கழுவி முடிக்கறதுக்குள்ள நான் மலை ஏறி இறங்கிடுவேன்” என்று எல்லார் எதிரிலும் கிண்டலடிப்பாள். சல்லடை சிரித்துக்கொள்வாள். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும்.

இந்த வருடப் பந்தயத்துக்காக அந்தக் காரின் இன்டேக் பிளீனத்தைக் கணவர் கழற்றினார். வெளிக்காற்றை வாங்கி நான்கு சிலிண்டருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிற அலுமினியப் பெட்டி அது; பட்டறையில் காற்றுப்பெட்டி என்பார்கள். காற்று தாராளமாகப் போக வேண்டுமென்று, அதன் உள்வழிகளைப் பத்து நாள் பொறுமையாகக் கடைந்து அகலப்படுத்தினார். விரலை விட்டுப் பார்த்தால் வழவழவென்று இருந்தது. நல்ல வேலைதான். அவருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமை காலை பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். மறுநாள் பந்தயம்.

“நானே ரெண்டு தடவை கழுவிட்டேன். மாட்ட வேண்டியதுதான் பாக்கி.”

“ஒரு தடவை பார்த்துடறேங்க.”

“அண்ணி பார்த்தா திங்கட்கிழமைதான் கிடைக்கும்!” என்றாள் நாத்தனார்.

சல்லடை பெட்டியின் இரண்டு பாதிகளையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்தாள். பிறகு சோப்பு போட்ட வெந்நீர், நீளமான பிரஷ், காற்றுக் குழாய். கடைசியில் வெள்ளைத் துணியைக் குச்சியில் சுற்றி உள்ளே துடைத்தாள். துணியில் சாம்பல் நிறம். மறுபடி கழுவினாள். மறுபடி சாம்பல். மணி பன்னிரண்டு.

“விடும்மா, இதெல்லாம் ஒண்ணும் பண்ணாது.” கணவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

“எங்கிருந்து வருதுன்னு தெரியாம தர மாட்டேன்.”

மூன்றாம் தடவை, நல்ல வெளிச்சத்தில் பெட்டியைச் சாய்த்துப் பார்த்தாள். பக்கவாட்டில் பென்சில்முனை அளவுக்கு ஒரு துளை. மெல்லிய ரப்பர் குழாய் வந்து சேருகிற இடம். வளைந்த கம்பியை விட்டு மெல்லத் திருகினாள். கடைந்த அலுமினியத் தூளும் பழைய எண்ணெயும் சேர்ந்து இறுகியிருந்த கறுப்புக் கட்டி ஒன்று உருண்டு வந்து விழுந்தது. விரலால் நசுக்கினாள். நறநறவென்றது.

கணவரின் முகத்தில் ஈயாடவில்லை. இது உள்ளே போயிருந்தால் சிலிண்டரைக் கீறி எஞ்சினையே தின்றிருக்கும் என்று அவருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. “நான் என்ன பண்ணட்டும்?” என்றார்.

“கையைக் கழுவிட்டு வாங்க.”

கழுவிவிட்டு வந்தார். நான்காவது துணி வெள்ளையாகவே வந்தது.

பெட்டி இல்லாமல் திறந்து கிடந்த எஞ்சினின் நான்கு வாய்களிலும் அவள் துணி அடைத்து வைத்திருந்தாள். மாட்டும் முன் ஒவ்வொன்றாக உருவி, ஆஸ்பத்திரியில் கருவிகளை எண்ணுவதுபோல வாய்விட்டு எண்ணினாள். அவரும் கூடவே எண்ணினார். அகன்ற வாய்க்குத் தக்கபடி விளிம்பு நறுக்கிய, காற்றுக் கசியாமல் இணைப்பை அடைக்கிற புது காஸ்கட்டை வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில் முறுக்கினார்கள். எஞ்சினை ஓடவிட்டு, இணைப்பு நெடுகத் தண்ணீர் தெளித்தாள். எங்காவது காற்றை உறிஞ்சினால் ஓட்டம் தடுமாறும். தடுமாறவில்லை. மணி நாலு.

“சரி” என்றாள். கூடவே நின்று எல்லாவற்றையும் பார்த்த நாத்தனார் சாவியை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் அந்தக் கார் மலையேறிய சத்தத்தைக் கேட்டே கணவர் இவள் தோளைப் பிடித்து அழுத்தினார். நாத்தனார் தன்னுடைய பழைய நேரத்தைவிட நாலு வினாடி குறைவாக ஏறி, தன் பிரிவில் முதலாவதாக வந்தாள். மைக்கை நீட்டினார்கள்.

“ஓட்டினது நான். கடைஞ்சது எங்க அண்ணன். ஆனா அந்த எஞ்சின் இன்னைக்கு உயிரோட இருக்குன்னா அதுக்கு எங்க அண்ணிதான் காரணம். அதோ நிக்கறாங்க பாருங்க. அண்ணி, கையத் தூக்குங்க!”

கூட்டம் திரும்பியது. அவள் தலையைக் குனியவில்லை. கையை நன்றாக உயர்த்தினாள்.

திங்கட்கிழமை, இரண்டாவதாக வந்த காரின் மெக்கானிக் கையில் ஒரு காற்றுப்பெட்டியோடு வந்து, “அந்த அண்ணி நீங்கதானா?” என்று கேட்டார்.

“நான்தான். வெச்சுட்டுப் போங்க” என்றாள். “புதன்கிழமை வாங்க. அதுக்கு முன்னாடி அவசரப்படுத்தினா தர மாட்டேன்.”