புகைக்குழாயிலிருந்து அரை மீட்டர்

இரைச்சலை எதிர்த்துக் கலெக்டருக்கு நான் எழுதிய மனு நான்கு பக்கம் இருந்தது. பெரும்பாறை ஊருக்குக் கீழே, என் வீட்டுக்கு எதிர்ச்சரிவில், காய்ப்பு நின்றுபோன ஆரஞ்சுத் தோட்டம் ஒன்றில் குவாட் பந்தயம் நடத்தப் போகிறார்கள் என்று தெரிந்த அன்றே எழுதினேன். பெருத்த நான்கு சக்கரங்களும் மோட்டார்சைக்கிளின் கைப்பிடியும் டிராக்டரின் தோரணையும் கொண்ட வண்டி அது. மனுவின் நகலைப் படித்த பந்தயக்காரர்கள் மறுநாளே வீடு தேடி வந்தார்கள். வாதாட வந்திருக்கிறார்கள் என்றெண்ணி நான் எதிர்வாதங்களை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர்களோ ஒரு பச்சை மேற்சட்டையையும், சோளக்கதிர் அளவில் ஒரு கருவியையும் மேசைமேல் வைத்தார்கள்.

"ஐயா, பாச்சலூர் வரைக்கும் தேடினாலும் சத்தத்தைப் பத்தி ஒங்க அளவுக்குத் தெரிஞ்ச ஆளு கெடையாதுங்க. நீங்களே அளந்து சொல்லிருங்க. நீங்க வேணாம்னா அந்த வண்டி ஓடாது," என்றார் பந்தயத்தை நடத்துபவர்.

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் தமிழ் கற்பித்தேன். ஒரு மேசையை இடம் மாற்றி வைக்கும் அதிகாரம்கூட எனக்கு அங்கே தரப்பட்டதில்லை. மேற்சட்டையை அணிந்து கண்ணாடியில் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். 'ஒலி அதிகாரி' என்று அச்சிட்டிருந்தது. மனுவின் நான்கு பக்கமும் அந்த நொடியில் என் நினைவை விட்டு அகன்றன.

விதிப்புத்தகம் மெலிந்தது. கருவியைப் புகைக்குழாயின் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் பிடிக்க வேண்டும். ஓட்டுநர் எஞ்சினைக் குறிப்பிட்ட வேகத்துக்கு முடுக்கிச் சில நொடிகள் அப்படியே வைத்திருக்க வேண்டும். தொண்ணூற்றாறு டெசிபலைத் தாண்டினால் வண்டி வெளியே. சுற்றிலும் வேறு சத்தம் இருக்கக் கூடாது. கடைசியில் ஒரு வரி: காற்றையும் கருவியின் பிழையையும் கருதி, அளப்பவர் விரும்பினால் ஒரு டெசிபல் விட்டுக்கொடுக்கலாம். அந்த வரியைப் பென்சிலால் அடித்தேன். விடைத்தாள் திருத்திய காலத்திலும் கருணை மதிப்பெண் வழங்கியவனல்லன் நான்.

பந்தய நாளின் காலையில், முதல் வண்டிக்குப் பின்னால் நான் மண்டியிட்டபோது, சிறப்பு விருந்தினர் ஒலிபெருக்கியில் மலைகளின் அமைதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வண்டி இன்னும் உயிர்பெறவில்லை. கருவி நூற்றொன்று காட்டியது. மலைகளின் அமைதியை இத்தனை உரக்க எவரும் போற்றிக் கேட்டதில்லை. ஒலிபெருக்கியைச் சற்று நேரம் நிறுத்துமாறு அறிவிப்பாளரிடம் கேட்டேன்.

"ஸ்பீக்கர ஆஃப் பண்ணிட்டா, சத்தம் அளக்குறோம்னு ஜனங்களுக்கு எப்படி சார் சொல்றது?" என்றார் அவர், உண்மையான கவலையோடு.

விருந்தினர் தேநீர் அருந்தப் போன இடைவெளியில் அளந்தேன். கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் லாரிகளில் வந்திறங்கிய பத்தொன்பது வண்டிகளும் வரிசையாகத் தேறின. தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூறு. அவை உறுமவே இல்லை; சளி பிடித்தவர் பேசுவதுபோல அடங்கிய குரலில் முனகின. என் மேற்சட்டையைக் கண்ட மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

இருபதாவதாக வந்தவர் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து இம்மலையில் குடியேறிய குடும்பம். கொடைக்கானலில் சுற்றுலாப் பயணிகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு குவாட் ஓட்டுவது அவருடைய வேலை. அவர் கொண்டுவந்ததும் அந்த வண்டிதான்.

"மொதலாளி இந்த ஒரு நாளைக்குத்தாங்க வண்டிய விட்டாரு," என்றார். "ஏழு வருசமா ஆளுங்கள ஏத்திக்கிட்டு நடக்குற வேகத்துலயே ஓட்டிட்டேன். ஒருக்காவாச்சும் நாலு பேரோட முட்டிமோதி ஓட்டிப் பாக்கணும்."

தொண்ணூற்றேழு. வண்டியைக் காற்றுக்கு மறைவாகத் திருப்பி நிறுத்தினார், தொண்ணூற்றேழு. குழாயின் இணைப்பை ஈரச்சாக்கால் ஆறவைத்துத் திருகை இறுக்கினார். மூன்றாம் முறையும் கடைசி முறையுமாக அளந்தேன். எண் தொண்ணூற்றாறில் நின்று, தயங்கி, ஏழுக்குத் தாவியது.

"ஒண்ணுதானேங்க?"

"ஒன்றும் மிகைதான், அம்மா."

அவர் என் கையிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தார். "அந்தக் கடைசி வரிய அடிச்சிருக்கீங்களே, அது என்னாங்க?"

புத்தகத்தை மூடினேன். "அது தேவையில்லாத வரி."

"தோட்டத்துல காலையில ஆள் எண்ற பெரட்டுக்கே அஞ்சு நிமிசம் பிந்திப் போனா உள்ள விடுவாங்கன்னு எங்கம்மா சொல்லும். அத்தனைக்கும் அந்தத் தொரைமாரு வெள்ளைக்காரனுங்க," என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். நான் அளவுத்தாளில் அவர் வண்டிக்கு நேரே 'தகுதியில்லை' என்று திருத்தமான கையெழுத்தில் எழுதி, தாளின் அடியில் ஒப்பமிட்டு நடத்துபவரிடம் கொடுத்தேன்.

கொடி இறங்கியது. பத்தொன்பது வண்டிகளும் முதல் வளைவை அடைவதற்குள் அவற்றின் சளி குணமாகிவிட்டது. இரண்டாம் வளைவில் புகைக்குழாய்களிலிருந்து சிவந்த சுருள்கள் தெறித்துப் புல்லில் விழுந்தன. வேலியைத் தாண்டி ஒன்றைக் குச்சியால் எடுத்துப் பார்த்தேன்: பாத்திரம் தேய்க்கும் கம்பிநார், சத்தத்தை அடக்கக் குழாய்க்குள் திணித்தது. ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று கருவியை நீட்டியபோதே எண் நூற்றைக் கடந்தது. எதிர்ச்சரிவில் என் வீட்டு நாய் ஊளையிட்டது, அல்லது ஊளையிட்டிருக்கும், ஒன்றும் கேட்கவில்லை.

அந்தப் பெண் வேலியில் சாய்ந்து நின்றிருந்தார். வியப்பு ஏதுமில்லை முகத்தில்.

"உங்களுக்கு இது முன்பே தெரியுமா?" என்று கத்தினேன்.

"தெரியாதுங்களா? வெள்ளனேயே அத்தனை பேரும் வண்டிக்குப் பின்னால குத்தவச்சுக் கெடந்தாங்களே, சாமி கும்பிடவா? நானும் அடைச்சிருப்பேன். எஞ்சின் சூடேறி மொதலாளி வண்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் வேலை போயிரும்." சற்று நிறுத்தி, "என்னைய மட்டும்தாங்க நெசமா அளந்தீங்க," என்றார்.

முதல் ஓட்டம் முடிந்ததும் கம்பிநாரைத் தூக்கிக்கொண்டு நடத்துபவரிடம் ஓடினேன். அவர் அதைக் கண்காட்சிப் பொருள்போல அக்கறையாகப் பார்த்தார்.

"ஓடுறப்ப அளக்கச் சொல்லி விதியில இல்லீங்களே ஐயா. நிக்கிறப்ப அமைதியா நின்னுச்சுல்ல? ஒங்க சோலி காலையிலயே முடிஞ்சிருச்சு. வெரசா வாங்க, பிரியாணி ஆறுது."

"நான் ஒப்பமிட்ட தாளைத் திருப்பிக் கொடுங்கள்."

"அது அப்பவே கலெக்டர் ஆபீசுக்குப் போயிருச்சுங்களே. ஒங்க மனுவோட சேத்துத்தான் வச்சு அனுப்புனோம். புகார் குடுத்தவரே அளந்து சரின்னுட்டாரு, வேறென்ன வேணும்? அதுலயும் ஒரு வண்டிய வெளிய அனுப்புனீங்க பாருங்க, அதான் எங்களுக்குப் பெரிய பலம். அளவுல நாங்க கறார், இனி எவனும் வாய் தொறக்க முடியாது."

அந்தப் பெண்ணின் ஏழு வருட ஆசையை இவர்களுடைய நேர்மைக்குச் சான்றாக மாற்றித் தந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவரை இப்போதாவது ஓட விடுங்கள் என்று வற்புறுத்தினேன். நடத்துபவர் உடனே இசைந்தார்.

"தாராளமா ஓட்டட்டும். சாப்பாட்டு நேரம்தானே, பாதை சும்மாதான் கெடக்கு."

வரம் வாங்கி வருபவனைப்போல மேட்டிலிருந்து இறங்கினேன். பெண் சிறு சரக்கு வண்டியின் பின்பலகையைத் திறந்து, குவாட்டை ஏற்றுவதற்கு இரண்டு பலகைகளைச் சாய்த்துக்கொண்டிருந்தார். செய்தியைச் சொன்னேன்.

"தனியாவா?"

"ஆம். பாதை முழுவதும் உங்களுக்கே."

"போட்டிக்கு ஆளில்லாமத்தான் நான் தெனமும் கொடைக்கானல்ல ஓட்டறேங்க. அதுக்குப் பேரு ரேஸா?" பலகையைக் காலால் அழுத்திப் பார்த்தார். "இருட்டுறதுக்குள்ள மொதலாளிகிட்ட வண்டிய விட்டாகணும். சும்மா நிக்காம இத ஒரு கை புடிங்க."

பிடித்தேன். நேராகப் பிடிக்கச் சொன்னார், நேராகப் பிடித்தேன். குவாட் ஒரே மூச்சில் மேலேறியது. கயிற்றை இறுக்கி முடிச்சிட்டபடியே அவர் கேட்டார்: "அடுத்த வருசமும் நீங்கதான் அளப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப கண்டிப்பா வாறேங்க," என்றார்.