மட்டுறுத்தலில் நின்ற பின்னூட்டம்

ஜெயாவின் வலைப்பதிவுக்கு வந்த முதல் பின்னூட்டம், நீங்கள் நிஜமாகவே பெண்தானா என்று கேட்டது. இரண்டாவது, 'ர'வுக்கும் 'ற'வுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் ஏன் எழுத வருகிறீர்கள் என்று கேட்டது. மூன்றாவது வர ஐந்து வாரம் ஆனது. மே மாதம் கொடைக்கானலில் நல்ல ரூம் என்ன வாடகை ஆகும் என்று யாரோ விசாரித்திருந்தார்கள். லாட்ஜில் வேலை பார்க்கிறேன் என்று தன்னைப் பற்றிய குறிப்பில் எழுதியது தப்பாகப் போயிற்று.

அது 2007. அவளுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் சுப்புராஜ் என்பவரின் லாட்ஜில் வரவேற்பு மேஜை அவளுடையது. சீசனில் நிமிர நேரம் இருக்காது. ஜூன் பிறந்து மழை பிடித்துக்கொண்டால் இருபத்திரண்டு ரூமில் இரண்டுதான் நிறையும். அந்த ஜூனில் மலைப்பாதையில் மண் சரிந்து, கல்லூரி ஆசிரியை ஒருவர் இரண்டு நாள் லாட்ஜிலேயே மாட்டிக்கொண்டார். பொழுது போகாமல் ஜெயாவிடம் பேசிக்கொண்டிருந்தவர், அவள் பிறந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆங்கில எழுத்தில் அடித்தால் திரையில் தமிழ் விழும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். வலைப்பதிவு ஒன்றையும் திறந்து கொடுத்தார்.

"எழுதுங்க ஜெயா. உலகமே படிக்கும்."

ஜெயா அதை நம்பினாள். அவளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று வெகுநாளாக நெஞ்சில் கிடந்தது. அவளுடைய தாத்தாவின் அப்பா ராமநாதபுரத்துக்காரர். தோட்ட வேலைக்குக் கடல் தாண்டிப் போனவர். அறுபத்து நாலில் இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்களை யார் எந்த நாட்டுக்கு என்று பிரித்தார்கள். ஜெயாவின் அப்பா நல்லையாவும் அம்மா மூக்கம்மாவும் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டார்கள். எழுபத்தேழில் இந்திய பாஸ்போர்ட்டோடு தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். ஜெயாவுக்கு ஒன்பது வயது. மண்டபம் முகாமில் சில மாதம், பெரும்பாறையில் காப்பித் தோட்டத்தில் சில வருடம், அப்புறம் மேலே கொடைக்கானலுக்கு வந்து கேரட் காட்டில் கூலி வேலை. அப்பா தொண்ணூற்றொன்றில் போய்விட்டார். இங்கே பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் 'சிலோன்காரி'. அங்கே இருந்தவரை 'இந்தியாக்காரி'. இரண்டும் இல்லாமல் நாங்கள் யார் என்பதைத்தான் அவள் எழுத நினைத்தாள்.

வலைப்பதிவுக்கு 'பத்துக்குப் பன்னிரண்டு' என்று பெயர் வைத்தாள். தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கிற அறை அவ்வளவு அடிதான். கொழுந்துக் கூடைக்குள் தூங்கியது, அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் சோப்புத் தடவிக்கொண்டு பள்ளிக்கூடம் போனது, கப்பலில் ஒரு கிழவர் தேயிலைக் கன்று ஒன்றை வேட்டியில் சுற்றி வைத்திருந்தது என்று எழுதிக்கொண்டே போனாள். ஒரு பதிவுக்கு மூன்று நாள் ஆகும். எண்ணிக்கை காட்டும் கருவியில் இருபது பேர், இருபத்தைந்து பேர். அதில் ஏழெட்டு அவளே திறந்து பார்த்தது.

புருஷன் யோகராஜ் டூரிஸ்ட் ஜீப் ஓட்டினான். அவனும் சிலோனிலிருந்து வந்த குடும்பம்தான். "யாரும் படிக்கலைங்கிற, பெறகு எதுக்கு இந்தச் சோலி?" என்று ஒரு நாள் கேட்டான்.

"படிப்பாங்க. இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கேன்."

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. பதிவு வெளியாகிற நாளில் மட்டும், "இன்னைக்கி எத்தன பேரு?" என்பான். அந்தக் கேள்விக்கே அவளுக்கு எரிச்சல் வரும்.

2009 பிறந்ததும் எல்லாம் மாறியது. இலங்கையில் போர் உச்சத்தில் இருந்தது. இணையத்தில் தமிழில் எழுதியவர்கள் எல்லோரும் அதைப் பற்றித்தான் எழுதினார்கள். 'இலங்கை' என்ற சொல் இருந்ததால் யாரோ அவளுடைய பழைய பதிவு ஒன்றுக்கு இணைப்புக் கொடுத்தார்கள். ஒரே நாளில் நானூறு பேர் வந்தார்கள். ஜெயா, மேஜைக்கு எதிரே சாவிக்காக ஒரு குடும்பம் நிற்பதைக்கூடக் கவனிக்காமல் பின்னூட்டங்களைப் படித்தாள்.

'உங்கள் கண்ணீருக்கு விடிவு உண்டு சகோதரி' என்றார் ஒருவர். அந்தப் பதிவு ரொட்டி சுடுவதைப் பற்றியது. 'எந்த முகாமில் இருக்கிறீர்கள்?' என்றார் இன்னொருவர். மூன்றாமவர் துப்புத் துலக்கியிருந்தார்: 'ஈழத்தமிழர் ஆமாம் என்பதற்கு "ஓம்" என்பார்கள். இவருடைய பதிவுகளில் ஓரிடத்தில்கூட அது இல்லை. இவர் போலி.'

ஜெயா பொறுமையாகப் பதில் எழுதினாள். நாங்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள் இல்லை, மலையகத்துத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள், 'ஆமா' என்றுதான் சொல்லுவோம், போருக்கு முன்னாலேயே முறைப்படி அனுப்பப்பட்டவர்கள் என்று. அதற்குக் கீழே அறுபது பின்னூட்டம் வந்தது, அவள் போலியா இல்லையா என்று. அவள் எழுதிய பதிலைப் படித்ததாக ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த மார்ச்சில் குமாரவேல் வந்தான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. தினமும் ஆயிரக்கணக்கானோர் படிக்கிற வலைப்பதிவு அவனுடையது. குடும்பத்தோடு கொடைக்கானல் வருகிறேன், உங்களையும் அம்மாவையும் பார்க்க வேண்டும் என்று மெயில் போட்டிருந்தான். ஜெயா சுப்புராஜிடம் அரைநாள் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு அவனை வீட்டுக்கு அழைத்துப் போனாள். மூக்கம்மா வெள்ளனே எழுந்து தேங்காய் துருவி ரொட்டி சுட்டு வைத்திருந்தாள்.

குமாரவேல் மரியாதையானவன். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தான். "போர்ல யாரையெல்லாம் இழந்தீங்கம்மா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"போர்லயா?" மூக்கம்மா மகளைப் பார்த்தாள். "நாங்க பயணம் வந்து கன காலமாச்சே தம்பி. எங்க பக்கம் மழையும் அட்டையுந்தான்."

"வீட்டை விட்டுட்டு ஓடி வந்தது ஞாபகம் இருக்காம்மா?"

"ஓடியா? தோட்டத்துத் தொர சீட்டுக் குடுத்தாரு, பெட்டி கட்டி ரயில்ல வந்து கப்பல் ஏறினோம். ரொட்டி ஆறுது, சாப்பிடுங்க."

அவன் படம் எடுத்தான். மூக்கம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செய்த நாளிலிருந்து இடது கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும். முந்தானையால் அதைத் துடைக்கும்போதுதான் கேமரா சொடுக்கியது. ஜெயா ஜன்னல் பக்கம் நின்று, ஒப்பந்தம் பற்றியும் அகதிகளுக்கும் தங்களுக்கும் உள்ள வித்தியாசம் பற்றியும் முக்கால் மணி நேரம் சொன்னாள். அவன் தலையாட்டிக் குறிப்பு எடுத்துக்கொண்டான். அவன் போன பிறகு, கடைசியில் ஒரு ஆளாவது காதுகொடுத்துக் கேட்டான் என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

ஒன்பது நாள் கழித்துப் பதிவு வந்தது. தலைப்பு, 'மலைமேல் ஒரு அகதித் தாய்'. மேலே மூக்கம்மாவின் படம். அடியில், 'ஈரம் காயாத விழிகள்'. குண்டுகளுக்குத் தப்பி இரவோடு இரவாகப் படகேறிய கதை நாலு பத்தி. ஊரின் பெயர், தெருவின் பெயர், லாட்ஜின் பெயர் உட்பட எல்லாம் இருந்தது. சரியாக இருந்தது அவை மட்டும்தான். கீழே இருநூற்றுப் பதினாலு பின்னூட்டம்.

ஜெயா உடனே எழுதினாள். 'இது என் அம்மா. அவர் அகதி அல்ல. படகில் வரவில்லை. கண்ணில் வடிவது ஆபரேஷன் செய்த கண்ணின் நீர். தயவு செய்து திருத்துங்கள்.' அனுப்பு என்பதை அழுத்தியதும், 'உங்கள் பின்னூட்டம் மட்டுறுத்தலுக்குப் பின் வெளியிடப்படும்' என்று ஒரு வரி வந்தது. பதிவின் சொந்தக்காரர் பார்த்துச் சம்மதித்தால்தான் மற்றவர்களுக்குத் தெரியும் என்று அர்த்தம். மறுநாள் பார்த்தாள். இருநூற்று முப்பத்தொன்று ஆகியிருந்தது. அவளுடையது இல்லை. மறுபடி எழுதினாள். மூன்றாம் தடவையும் எழுதினாள். மூன்று தடவையும் அதே வரி.

குமாரவேலிடமிருந்து மெயில் வந்தது. 'சகோ, விவாதம் நல்லா போயிட்டிருக்கு. இந்த நேரத்துல உங்க கமெண்டைப் போட்டா எதிர்த் தரப்பு அதைப் பயன்படுத்திக்கும். கொஞ்சம் பொறுங்க.'

பொறுத்துப் பத்து நாள் ஆவதற்குள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மஃப்டியில் வந்த போலீஸ்காரர்கள். கையில் அந்தப் பதிவின் பிரிண்ட் இருந்தது. பெரியவர் பாயில் உட்கார்ந்து, படத்தையும் மூக்கம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீங்கதானேம்மா? படகுல வந்தீங்கன்னு போட்டிருக்கு. முகாம்ல பதிவு பண்ணியிருக்கீங்களா?"

மூக்கம்மா டிரங்குப் பெட்டியை இழுத்தாள். இந்திய பாஸ்போர்ட், குடும்ப அட்டை, முகாமில் கொடுத்த சான்று, நல்லையாவின் இறப்புச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகப் பாயில் பரப்பினாள். பெரியவர் எல்லாவற்றையும் படித்தார். மோசமான மனிதர் இல்லை. "சரியாத்தாம்மா இருக்கு. இருந்தாலும் ஸ்டேஷனுக்கு வந்து ஒரு வாக்குமூலம் குடுத்திருங்க. மேல கேக்குறாங்க" என்றார்.

மறுநாள் யோகராஜ் ஜீப்பில் கூட்டிப்போனான். மூக்கம்மா காலையிலிருந்து மூன்று மணிவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்து வீட்டுப் படியேறியதும் ஜெயாவைப் பார்த்துச் சொன்னாள்: "முப்பத்திரெண்டு வருசமா நான் யாருன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். இப்ப நீயும் சேர்ந்து சொல்ல வச்சுட்டியே."

ஜெயா லாட்ஜுக்குப் போய்க் குமாரவேலுக்கு போன் போட்டாள்.

"சார், போலீஸ் வந்துச்சு. எங்கம்மாவ ஸ்டேஷன்ல உக்கார வச்சாங்க. நீங்க எழுதினதுனால."

"அய்யோ, அம்மா எப்படி இருக்காங்க?" அவன் குரலில் நிஜமான பதற்றம் இருந்தது. "ஒரு வயசான தாயை ஸ்டேஷனுக்கு இழுக்கிறாங்கன்னா... அக்கா, இதை இன்னைக்கே பதிவாப் போடுறேன். நாளைக்கு இதுதான் பேச்சாயிருக்கும்."

"வேணாம் சார். படத்த எடுங்க. அகதின்னு போட்டத எடுங்க. அது போதும்."

"அதை எடுத்துட்டா மொத்தப் பதிவும் நிக்காதே அக்கா. நல்ல எண்ணத்துலதானே எழுதினேன்."

"நான் முக்கால் மணி நேரம் சொன்னனே. நீங்க எழுதிக்கிட்டீங்களே. என்னத்த எழுதுனீங்க?"

நாலு நாள் கழித்துப் படம் போயிருந்தது. தலைப்பில் 'அகதித் தாய்' என்பது 'அகதி போன்ற தாய்' ஆகியிருந்தது. அதற்குள் படத்தை வேறு மூன்று வலைப்பதிவுகள் எடுத்துப் போட்டிருந்தன. அவற்றில் ஒன்றுக்கு முகவரியே இல்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

ஜெயா தன் வலைப்பதிவில் 'நாங்கள் அகதிகள் அல்ல' என்று எழுதினாள். அவள் எழுதியதிலேயே நீளமானது. அங்கே செத்துக்கொண்டிருப்பவர்களுக்காக எனக்கும் சோறு இறங்கவில்லை, அவர்களுடைய துக்கத்தை எங்கள் முகத்தில் ஒட்டினால் அவர்களுக்கும் துரோகம், எங்களுக்கும் துரோகம் என்று எழுதினாள். எங்களுக்கென்று ஒரு துக்கம் இருக்கிறது, அதைக் கேட்கத்தான் ஆளில்லை என்றும் எழுதினாள். ஒரு கூட்டம் அவளைத் துரோகி என்றது. இன்னொரு கூட்டம், பார்த்தீர்களா, போரைப் பற்றி இவர்கள் சொல்வதெல்லாம் பொய்தான் என்று அவளுடைய வரிகளை வெட்டி எடுத்துக்கொண்டு போனது. முதல் கூட்டத்தைவிட இரண்டாவதுதான் அவளைச் சுட்டது. தன் வார்த்தையே தனக்கு எதிராக நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்குப் பின்னூட்டப் பெட்டியை மூடினாள். எண்ணிக்கை காட்டும் கருவியையும் எடுத்தாள். லாட்ஜின் பெயரும் போலீஸ் காகிதத்தில் ஏறியதால் சுப்புராஜ் அவளைக் கூப்பிட்டு, "ஜெயா, கம்ப்யூட்டர்ல புக்கிங் மட்டும் பாரும்மா. மத்தது வேணாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் அவளால் எதிர்த்துப் பேசவும் முடியவில்லை.

ஏழு மாதம் அவள் ஒன்றும் எழுதவில்லை. மே மாதம் போர் முடிந்ததாகச் செய்தி வந்தது. இரங்கல் கூட்டம் ஒன்றில் பேசுங்கள் என்று மதுரையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அகதியாகப் பேச வேண்டும் என்றதும் போனை வைத்துவிட்டாள். யோகராஜ் எத்தனை பேர் என்று கேட்பதை நிறுத்திவிட்டான். கேட்க மாட்டானா என்று அவளுக்கு ஒரு நாள் தோன்றியது, அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சண்முகப்பிரியா என்கிற பெண் நடத்திய பிரவுசிங் சென்டருக்குப் போய் மெயிலைத் திறந்தாள். குப்பையாக நூற்றுக்கணக்கில் கிடந்தது. நடுவில் ஒரு மாணவியின் கடிதம். 'அகதிகளின் வாழ்க்கை பற்றி ஆய்வு செய்கிறேன். உங்கள் அம்மாவைப் போன்ற அகதிகளைச் சந்திக்க உதவ முடியுமா?'

ஜெயா அதை இரண்டு முறை படித்தாள். கடிதத்தை அழிக்கக் கையைக் கொண்டுபோனாள். பிறகு பதில் எழுத ஆரம்பித்தாள். 'அன்புள்ள தங்கைக்கு, நாங்கள் அகதிகள் அல்ல.' அறுபத்து நாலு ஒப்பந்தத்திலிருந்து தொடங்கினாள். யாரை எங்கே அனுப்புவது என்று பிரித்தது, பாஸ்போர்ட்டுக்காக வருடக்கணக்கில் காத்திருந்தது, ஒரே வீட்டில் அக்கா அங்கே தங்கை இங்கே என்று ஆனது எல்லாவற்றையும் வரிசையாக அடித்தாள். குளிரில் விரல் விறைத்தது. தப்பு விழுந்த இடத்தில் நின்று, 'ர'வை 'ற'வாக மாற்றினாள். பெரும்பாறைக்கு வந்து சேர்வதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது.

"அக்கா, டைம் முடிஞ்சிருச்சு" என்றாள் சண்முகப்பிரியா.

"இன்னும் அரைமணி போடும்மா" என்று சொல்லிவிட்டு ஜெயா அடுத்த பத்தியை ஆரம்பித்தாள்.