சாகிராவின் வாயில் ஓடிய கார்

லப்பைக்குடிகாட்டில் சாகிராவை நேரில் பார்க்காதவர்கள் இருக்கலாம். அவள் வாயில் ஒரு கார் ஓடியதைக் கேட்காதவர்கள் குறைவு.

பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அவளுக்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது. தலைமையாசிரியையின் இருமலை அப்படியே இருமிக் காட்டுவாள். அரட்டை அடித்துக்கொண்டிருக்கும் வகுப்பு ஒரே நொடியில் அடங்கிவிடும். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வித்தைக்கு வேலை இல்லை. கணவன் சஃப்வான் குவைத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தான். வீட்டில் அவளும் மாமனார் காதர் பாட்சாவும்தான். அவரும் வாலிப வயதில் அரபு நாட்டில் அத்தர் கடையில் நின்றவர். ஓட்டத் தெரியாவிட்டாலும் கார் என்றால் அவருக்கு உயிர். போன விடுப்பில் சஃப்வான் யாரோ ஓட்டிய பழைய வெள்ளை பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி நிறுத்திவிட்டுப் போனான். சாகிரா பெரம்பலூருக்குப் போய் ஓட்டக் கற்றுக்கொண்டாள். காதர் பாட்சா தினமும் விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து அதைக் குளிப்பாட்டினார். ஆளுக்கொரு பொறுப்பு.

தை மாதத்தில் ஒரு நாள் கார் ஆட ஆரம்பித்தது. ஓடும்போதைவிட நிற்கும்போது அதிகம். ஸ்டார்ட் செய்தால் குளிர்ஜுரம் கண்டவன் மாதிரி உடம்பெல்லாம் உதறியது. உள்ளே தொங்கிய தஸ்பீஹ் மணிமாலை முன்கண்ணாடியில் போய் முட்டியது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது.

"மாமா, வண்டி ஆடுது பாத்தீங்களா?"

"ரோடு சரியில்லம்மா" என்றார் காதர் பாட்சா.

"வண்டி நம்ம வூட்டு வாசல்ல நிக்குது மாமா."

"வாசல்ல மட்டும் ரோடு நல்லாவா இருக்கு?"

சாகிரா குவைத்துக்கு போன் போட்டாள். "போன எஞ்சின்கிட்ட கொண்டுபோய் வை, நான் கேட்டுச் சொல்றேன்" என்றான் சஃப்வான். அவள் பானட்டைத் திறந்து போனை நீட்டினாள்.

"என்ன, வண்டிய நிறுத்திட்டியா?"

"ஓடிக்கிட்டுதாங்க இருக்கு. ஆடிக்கிட்டும் இருக்கு."

"சத்தமே வரலயே. மாஷா அல்லாஹ், புது வண்டி மாதிரில ஓடுது!"

அவளுடைய போனுக்கு ஒரு குணம் உண்டு. பேசுகிறவர் குரலை மட்டும் அனுப்பிவிட்டு, சுற்றியுள்ள இரைச்சலையெல்லாம் வடிகட்டிவிடும். எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் போனைப் பொறுத்தவரை அது வெறும் இரைச்சல்.

சரியென்று வீடியோ எடுத்து அனுப்பினாள். கை நடுங்காமல் இருக்க, போனைக் காரின் மேலேயே அழுத்திப் பிடித்து எடுத்தாள். காரோடு சேர்ந்து போனும் ஆடியதால், படத்தில் எஞ்சின் மலை மாதிரி அசையாமல் நின்றது. பின்னாலிருந்த மதில் சுவர்தான் உதறியது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் பழைய இரும்பு வாங்குகிற வண்டி ஒலிபெருக்கியோடு போனது.

"வண்டி அப்படியே நிக்குது, மதிலுதான் ஆடுது" என்று சஃப்வான் கூப்பிட்டுச் சொன்னான். "கொத்தனாரக் கூப்புடு. அது சரி, பழைய இரும்புக்காரன் எதுக்கு வந்தான்? வண்டிய எடைக்குப் போடப் பாக்குறியா?"

சாகிராவுக்குப் பொறுமை போய்விட்டது. "கேளுங்க, இப்படித்தான் ஆடுது" என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு வாயாலேயே காரை ஸ்டார்ட் செய்தாள்.

"துபு துபு துபு ம்க்... துபு துபு துபு ம்க்... துபு துபு துபு ம்க்..."

மனுஷக் குரல் என்பதால் போன் அதை ஒரு பிசிறு குறையாமல் குவைத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தப் பக்கம் வேறு யாரோ பேசினார்கள். "அண்ணி, இன்னொரு தடவ செய்ங்க."

ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பேசியவன் ஆகிப், அதே தெருக்காரன், அங்கே ஏசி மெக்கானிக். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அவள் இன்னொரு தடவை ஓட்டினாள்.

"கம்ப்ரசர் போச்சு" என்றான் ஆகிப்.

"எண்ணெ பத்தல" என்றார் அவர்கள் தங்கியிருந்த அறைக்குச் சமைத்துப் போடும் மீன்சுருட்டி ஊர்க்காரர் காசிநாதன்.

"எஞ்சினத் தாங்குற ரப்பர் கிழிஞ்சிருக்கு" என்றான் சஃப்வான். கை தூக்கச் சொல்லி எண்ணிப் பார்த்தார்கள். ரப்பர் ஜெயித்தது. அந்த அறையில் சொந்தமாகக் கார் ஓட்டிய அனுபவம் ஒருவருக்கும் கிடையாது.

சந்தேகம் தீராத ஆகிப், அதைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னான். அனுப்பினாள். சாயங்காலத்துக்குள் அது சொந்தக்காரர்களின் குழுக்களையெல்லாம் சுற்றி வந்துவிட்டது. காரைப் பற்றிய சேதி வழியிலேயே உதிர்ந்துபோய், துபு துபு மட்டும் மிஞ்சியது. திருச்சியிலிருந்து தங்கை அஃப்ரின் அழுதுகொண்டே கூப்பிட்டாள். "அக்கா, உனக்கு எப்போலேந்து வீசிங்? ஏன் எங்கிட்ட சொல்லல?"

மறுநாள் காலை சாகிரா மாமனாரை ஏற்றிக்கொண்டு பெரம்பலூருக்குக் கிளம்பினாள். வழியெல்லாம் கார் விக்கி விக்கித்தான் போனது. ஆலத்தியூர் பக்கமிருந்து வந்த ஒரு சிமெண்ட் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே முந்திப் போனது. ஆனால் பெரம்பலூர் பாலக்கரையை நெருங்கும்போது விக்கல் நின்றுவிட்டது. மெக்கானிக் பாலசுந்தரத்தின் பட்டறை வாசலில் நிறுத்தியபோது, கார் பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி அடக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

பாலசுந்தரம் பானட்டில் கையை வைத்துப் பார்த்தார். "நல்லாத்தானம்மா இருக்கு."

"காலைல ஆடுச்சுங்க."

"இப்ப ஆடலயே. கம்ப்யூட்டர் போட்டுப் பாக்கலாம்னா, மிஷின என் மச்சான் அரியலூருக்கு எடுத்துட்டுப் போயிட்டான். எப்படிம்மா ஆடுச்சு?"

சாகிரா சுற்றிலும் பார்த்தாள். இரண்டு பையன்கள் டயர் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு வேன் டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். முக்காட்டைச் சரி செய்துகொண்டு ஆரம்பித்தாள்.

"துபு துபு துபு ம்க்..."

"நிறுத்தாதீங்க" என்று பாலசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டார். அவர் விரல் பானட்டில் தாளம் போட்டது. வேன் டிரைவர் டீயோடு பக்கத்தில் வந்து நின்றார். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சாகிராவுக்கு ஒன்று உறைத்தது. வாயை நிறுத்தினாள்.

"சார், மூணு அடிக்குது, நாலாவது விட்டுப்போவுது. எப்பவும் அதே எடத்துலதான் விடுது."

"அதேதாம்மா. நாலு சிலிண்டருல மூணு வேலை செய்யுது, ஒருத்தன் தூங்குறான். அதான் ஆட்டம். எவன்னு கண்டுபிடிக்கணும்."

எஞ்சினை அணைத்துவிட்டு, பிளக்குக்குக் கரண்டு கொடுக்கும் காயில்களை ஒவ்வொன்றாக உருவினார். முதல் இரண்டும் சுத்தமாக இருந்தன. மூன்றாவதை உருவியதும் அதன் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார். குழிக்குள் பிளக்கைச் சுற்றித் துரு.

"இங்க எப்படித் தண்ணி வந்துச்சு? மழைகூட இல்லயே!"

நாற்காலியில் உட்கார்ந்திருந்த காதர் பாட்சா நிமிர்ந்தார். "நாந்தான் ஊத்துனேன்."

"மாமா! பானட்டத் தொறந்தா?"

"தொறக்காம எப்படிம்மா ஊத்துறது? மொகத்த மட்டும் கழுவிட்டு வயித்தக் கழுவாம விடலாமா? ஆட ஆரம்பிச்சதுலேந்து இன்னும் ரெண்டு வாளி கூட ஊத்துறேன். ரோடு மோசமா, அந்தச் சூடு எஞ்சினுக்கு ஏறிடுது. சூடு தணியட்டும்னுதான்."

பாலசுந்தரம் தலையில் கை வைத்துக்கொண்டார். "பாய், காலைல நீங்க ஊத்துற தண்ணி இந்தக் குழில தேங்கி நிக்குது. பொறி பிளக்குக்குப் போகாம தண்ணிலயே எறங்கிடுது. பெரம்பலூர் வர்றதுக்குள்ள சூட்டுல முக்காவாசி வத்திப்போயி சரியாயிடுது. மறுநாள் மறுபடியும் ஊத்துறீங்க."

காதர் பாட்சா ஒத்துக்கொள்ளவில்லை. "மழைல ஓடுற சாமான் எம்மருமவ வூட்டுத் தண்ணில கெட்டுப்போவுமா? எங்க, ஒரு வாளி குடுங்க."

வாளி வந்தது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டச் சொல்லி, பச்சைப் பிள்ளைக்கு ஊற்றுவது போல எஞ்சின் தலையில் பதமாக ஊற்றினார். பாலசுந்தரம் சாவியைத் திருப்பினார். கார் உதற ஆரம்பித்தது.

துபு துபு துபு ம்க்.

"அடேயப்பா, அம்மா செஞ்ச மாதிரியே செய்யுது!" என்று வேன் டிரைவர் தொடையைத் தட்டினார். டயர் கழற்றிய பையன்கள் கைதட்டினார்கள். கைதட்டல் யாருக்கு என்பது தெளிவாக இல்லை. பாலசுந்தரம் ஓடுகிற எஞ்சினில் காயில் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிக் காட்டினார். மற்ற மூன்றில் எதைக் கழற்றினாலும் கார் செத்துப்போகப் பார்த்தது. மூன்றாவதைக் கழற்றினால் ஒரு வித்தியாசமும் இல்லை. "தூங்குறவன வேலைய விட்டு நிறுத்துனா என்ன கொறையும் பாய்?" என்றார்.

காற்று அடித்துக் குழியைக் காயவைத்து, புது பிளக்கும் காயிலுக்குப் புது ரப்பர் உறையும் போட்டுக் கொடுத்தார். வீடு திரும்பும்போது ஊர் எல்லையில் காதர் பாட்சா சொன்னார்.

"அவன் ஆசையா வாங்குன வண்டி. நல்லாப் பாத்துக்கணும்னுதாம்மா செஞ்சேன்."

"தெரியும் மாமா. இனிமே வெளிய மட்டும் குளிப்பாட்டுங்க."

"தலைக்கு ஊத்தாம அது என்ன குளியல்?" என்றார். ஆனாலும் அன்றைக்குப் பிறகு பானட்டைத் தொடவில்லை.

குவைத் அறையில் யாரும் தோற்கவில்லை. ரப்பர் உறை மாற்றியதால் ரப்பர் என்று சொன்ன சஃப்வான் ஜெயித்தான். எண்ணெய் பற்றவில்லை என்ற காசிநாதன், தண்ணீர் ஜாஸ்தி என்றால் எண்ணெய் குறைவு என்றுதான் அர்த்தம் என்று சாதித்தார். ஆகிப் மட்டும் அண்ணியின் குரலைப் புகழ்ந்தான்.

அந்த வாரமே ஆகிப்பின் மனைவி பர்சானா வந்தாள். வாஷிங் மெஷின் பிழியும்போது கத்துகிறதாம், அவரிடம் சொன்னால் புரியவில்லையாம். சாகிரா போய், மெஷின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, போனில் அதைச் செய்து காட்டினாள். ஆகிப் சரியாகவே சொன்னான்: உள்ளே சில்லறைக் காசு சிக்கியிருக்கிறது. அதற்குப் பிறகு வரிசையாகக் கூப்பிட்டார்கள். புருஷன் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளின் கிரைண்டர், மிக்ஸி, மோட்டார் எல்லாம் அவள் வாய் வழியாகக் கடல் தாண்டின. ஒரு நாள் வீட்டுக்குள் அவள் போர்வெல் மோட்டாரைப் பழகிக்கொண்டிருந்தபோது, டேங்க் நிரம்பிவிட்டது என்று காதர் பாட்சா மாடிக்கு ஓடினார். வாயை மூடிக்கொண்டே கழிந்த வருஷங்களுக்கு இது ஈடு என்று அவளுக்குத் தோன்றியது.

ரம்ஜான் நோன்பு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பர்சானா மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை ஃப்ரிட்ஜ்; அதன் சத்தத்தை ஆகிப் கேட்டானாம். சாகிரா அதன் கதவில் காது வைத்துக் கேட்டாள். பழுது எதுவும் இல்லை. இருந்தாலும் போனை வாங்கி, அதன் முனகலையும் இடையில் வரும் சின்ன உதறலையும் செய்து காட்டினாள். ஆகிப் குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டான்.

"நல்லாத்தான் ஓடுது தம்பி. எதுக்குக் கேட்டீங்க?"

"ஒண்ணுமில்ல அண்ணி. சும்மாதான்."

பர்சானா சமோசாத் தட்டை நீட்டினாள். "நம்ம வூட்டுச் சத்தம் கேட்டு நாளாச்சுன்னு நேத்தும் இதத்தான் கேட்டாரு. எனக்கு வரல, அதான் உங்களக் கூப்பிட்டேன்" என்றாள்.